டம்ளர் வட்டம்

நோய் எங்கிருந்து வருகிறது, யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்று ஆராய்ச்சி செய்கிற துறையில் எனக்கு வேலை. நான் டாக்டர் இல்லை. ஆய்வு மாணவர்கள் வீடு வீடாகப் போய் நிரப்பிக்கொண்டு வருகிற படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி. பேர் முத்துப்பேச்சி. பேச்சியக்கா என்றால்தான் மதுரையில் எங்கள் காலேஜில் எல்லோருக்கும் தெரியும்.

கையெழுத்து புரியாவிட்டால் எனக்குக் கோபம் வரும். படிவம் அழுக்காக இருந்தால் அதைவிடக் கோபம் வரும். இந்தக் கதையே அந்தக் கோபத்தில் ஆரம்பித்ததுதான்.

குரு, சிஷ்யன் என்றதும் குருவுக்குத் தலை நரைத்திருக்கும் என்று நினைப்பீர்கள். எங்கள் துறையில் குருவுக்கு முப்பத்தாறு வயது. சிஷ்யருக்கு ஐம்பத்தைந்து.

குரு, டாக்டர் ஜெபக்கனி. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். அதிர்ந்து பேச மாட்டார். யாராவது ஏதாவது கேட்டால் உடனே பதில் சொல்லவும் மாட்டார். அதுவே சில பேருக்குப் பயமாக இருக்கும்.

சிஷ்யர், காசிமாயன். சுகாதார ஆய்வாளர். கொசு மருந்து அடிக்கிற வேலையில் சேர்ந்து, முப்பது வருஷத்தில் படிப்படியாக மேலே வந்தவர். வேலையில் இருந்துகொண்டே பட்டம் வாங்கி, அதற்கு மேல் ஒரு பட்டம் வாங்கி, இப்போது முனைவர் பட்டத்துக்கு எங்களிடம் வந்திருந்தார். தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் கொசுப்புழு இருக்கிறதா இல்லையா என்று டார்ச் இல்லாமலே சொல்லிவிடுவார். அப்படி ஒரு கண்.

மேடம் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். உட்காருங்க அண்ணாச்சி என்று அவர் எத்தனை தடவை சொன்னாலும், இருக்கட்டும் மேடம் என்று நிற்பார். மேடம் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். மேடம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அறைக்குள் வந்ததும் கிடைத்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். பல நாள் என் மேஜை ஓரத்தில்தான் உட்கார்ந்தார். எனக்கு மேஜையில் இடம் போனதுதான் மிச்சம்.

காசிமாயன் அண்ணனுக்கு ஒரே ஒரு ஆசை. அவர் தெருவில் இன்றைக்கும் அவரைக் கொசு மருந்துக்காரர் என்றுதான் சொல்கிறார்கள். அது மாற வேண்டும். அவர் சம்சாரம் பாண்டியம்மாள் அவருக்கு மேல் அவசரக்காரி. கருப்புக் கிரானைட்டில் தங்க எழுத்தில் 'முனைவர் ப. காசிமாயன்' என்று போர்டே செய்து, துணி சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டாள். என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னாள். நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அவருடைய ஆய்வு எளிமையானது. டெங்கு வந்த நூற்றிருபது வீடு. அதே தெருக்களில் டெங்கு வராத நூற்றிருபது வீடு. இரண்டிலும் போய், தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். படிவத்தின் மேல் மூலையில் 1 என்று இருந்தால் காய்ச்சல் வந்த வீடு, 2 என்று இருந்தால் வராத வீடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒற்றை ஆளாக அலைந்து அவரே இருநூற்று நாற்பது வீட்டையும் முடித்தார்.

முடிவு பிரமாதமாக வந்தது. காய்ச்சல் வந்த வீடுகளில் எண்பத்து நான்கில் புழு. வராத வீடுகளில் முப்பத்தாறில்தான். புழு இருந்த வீட்டை இல்லாத வீட்டால் வகுத்து இவர்கள் போடுகிற கணக்கில் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். அண்ணன் துறைக்கே அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். மார்ச் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும், பல்கலைக்கழகம் கொடுத்த ஆறு வருஷம் அதோடு சரி. அது பிப்ரவரி. எழுத வேண்டியது இரண்டு அத்தியாயம்தான் பாக்கி.

அப்போதுதான் நான் வாயை வைத்தேன்.

பதிவுகளைக் கடைசியாக ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு படிவத்தில் மூன்றாம் கேள்விக்கான எண்ணைக் காணோம். அதன் மேலேயே காபி டம்ளரை வைத்து, பழுப்பு வட்டம் விழுந்து, மை கரைந்து போயிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடம் வந்து என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தபோது, அண்ணனுக்குக் காபி குடிக்கத் தனியாக ஒரு தாள் கொடுத்து அனுப்புங்கள், சர்க்கார் படிவத்தில் டம்ளர் வைக்க வேண்டாம் என்று பொரிந்து தள்ளினேன்.

மேடம் சிரித்தார். எல்லாவற்றிலும் இப்படித்தான் இருக்கிறதா என்று கேட்டார்.

எல்லாவற்றிலும் இல்லை, பாதியில்தான் என்றேன். மற்றதெல்லாம் வேறு மாதிரி கேவலம், நாலாக மடித்து, தண்ணீரில் நனைந்து, துருவைத் துடைத்த மாதிரி இருக்கிறது என்றேன்.

மேடம் சிரிப்பை நிறுத்தினார். படிவக் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனார். இரண்டு நாள் அது திரும்பி வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அண்ணனை வரச் சொல்லியிருந்தார். அவர் வந்ததும் என்னையும் கூப்பிட்டார். கட்டிலிருந்து கை போன போக்கில் இருபது படிவத்தை உருவச் சொன்னார். மேல் மூலையைத் தனக்குத் தெரியாமல் காகிதம் வைத்து மூடிக் கிளிப் போடச் சொன்னார். நான் போட்டுக் கொடுத்தேன்.

மேடம் ஒவ்வொன்றாக எடுத்தார். அதில் எழுதியிருந்ததைப் படிக்கவே இல்லை. தடவிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று போட்டுக்கொண்டே போனார். எல்லாம் முடிந்ததும், இடது பக்கம் காய்ச்சல் வந்த வீடு, வலது பக்கம் வராத வீடு, பாருங்கள் என்றார்.

நான் கிளிப்பை எடுத்துப் பார்த்தேன். இருபதில் பதினெட்டு சரி.

அண்ணனுக்கு ஒரே வேடிக்கை. மேடம் எப்போது ஜோசியம் கற்றுக்கொண்டார் என்று என்னிடம் கேட்டார். மேடம் இந்தப் பக்கத்தில் ஒன்று, அந்தப் பக்கத்தில் ஒன்று எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

ஒன்று காய்ச்சல் வீட்டுப் படிவம், நாலாக மடித்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறி, மாடித் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, ஈரக் கையோடு எடுத்து எழுதியது. இன்னொன்று மடிப்பே இல்லாமல் பரீட்சை அட்டையில் இருந்தபடியே இருந்தது. அதன் மேல் அழகாக ஒரு வட்டம்.

கொசுப்புழுவையே கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது எவ்வளவு நேரம் ஆகும். அவர் முகம் மாறிப்போனது.

"நான் ஒரு வீட்டுலகூடப் பொய் எழுதல மேடம்."

"தெரியும் அண்ணாச்சி."

"கண்ணால பாத்ததைத்தான் எழுதுனேன்."

"அதுவும் தெரியும்."

"அப்ப எங்க தப்புப் பண்ணினேன்?"

மேடம் அந்தக் காபி வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"காபி குடுத்த வீட்டுல பிரிட்ஜை நகத்திப் பாத்தீங்களா?"

அண்ணன் எழுந்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார். ஆறு வருஷத்தில் அப்படி அவர் போய் நான் பார்த்ததில்லை.

அதற்கு அப்புறம் அவர் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். போன் போட்டால் பாண்டியம்மாள் எடுத்து, அவர் வெளியே போயிருக்கிறார் என்பாள். குரலே சரியில்லை. போர்டைக் கட்டிலுக்கு அடியில் இன்னும் உள்ளே, சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டதாகச் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு காபிக் கறையைத் துடைத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம், எனக்கு ஏன் இந்த வாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மேடம் வழக்கம்போலத்தான் இருந்தார். ஆனால் எங்கள் அறைக்குள் வந்ததும் சட்டென்று என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார். எழுந்து நிற்க அங்கே யாரும் இல்லை. உட்கார்ந்த பிறகுதான் அது ஞாபகம் வரும் போல. எதையோ தேடுகிற மாதிரி மறுபடி எழுந்து போய்விடுவார்.

பத்தாம் நாள் அண்ணன் வந்தார். தோள்பையிலிருந்து ஊறுகாய் பாட்டில்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். ஒன்பது பாட்டில். ஒவ்வொன்றிலும் தண்ணீர், தண்ணீரில் புழு நெளிந்துகொண்டிருந்தது. என் மேஜை மேல். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பார்த்ததே போதும் என்றிருந்தது.

காபி குடித்த வீடுகளில் இருபதுக்கு மறுபடி போயிருக்கிறார். பிரிட்ஜை நகர்த்தி, பின்னால் தண்ணீர் சேர்கிற தட்டை உருவிப் பார்த்திருக்கிறார். பரணில் கிடந்த வாளி, மாடியில் கிடந்த உடைந்த ஆட்டுக்கல் குழி என்று ஒன்று விடாமல். மழை இல்லாத மாசத்திலேயே ஒன்பது வீட்டில் புழு. முதல் தடவை அந்த ஒன்பதிலும் இல்லை என்று எழுதியவர் அவர்தான்.

மேடம் உட்கார, அவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நல்லா இருக்கிற வீட்டில் போனதும் நாற்காலி போடுகிறார்கள். வேண்டாம் என்றாலும் காபி வருகிறது. வாய் நிறைய வாங்க என்று கூப்பிட்டுக் காபி கொடுத்த பொம்பளையிடம், உன் பிரிட்ஜை இழு, பின்னால் இருக்கிற அழுக்கை நான் பார்க்க வேண்டும் என்று எப்படிச் சொல்வது. காய்ச்சல் வந்த வீட்டில் அப்படி இல்லை. அம்மாக்காரி பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அடுப்பே எரியாது. அங்கே அவருக்கு உட்கார மனசு வராது. இந்தப் பிள்ளையைக் கடித்த கொசு எங்கே பிறந்தது என்று வெறி வந்துவிடும். கிடைக்கிற வரைக்கும் தேடுவார். ஒரு வீட்டில் ஒன்றரை மணி நேரம் தேடினாராம். 

அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"பரீட்சகருங்க கைக்குப் படிவம் போகப்போறதில்ல மேடம். டேபிள்தான் போகும். இந்தக் கறை உங்களுக்கும் எனக்கும் பேச்சிக்கும்தான் தெரியும்."

மேடம் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு வருஷம் அவகாசம் கேக்கலாம். ஒரே ஒரு தடவைதான் குடுப்பாங்க. அடுத்த மழைக்கு டெங்கு வரலைன்னா என் பதிவே போச்சு. ஊருக்குக் காய்ச்சல் வரட்டும்னு நான் சாமியா கும்பிட முடியும்? என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் கேட்டது நியாயம் என்றுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது, மறைக்காமல் சொல்கிறேன்.

மேடம் எழுந்து போய்த் தன் அறையிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அவகாசம் கேட்கிற விண்ணப்பம். நெறியாளர் என்ற இடத்தில் மேடத்தின் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் தேதி. நானும் எட்டிப் பார்த்தேன். அந்த இருபது படிவத்தைப் பிரித்துக் காட்டினாரே, அதற்கு முந்தின நாள் தேதி.

அண்ணன் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இனிமே வராமலே போயிருந்தா?"

"பேனா இருக்கா அண்ணாச்சி?"

இருந்தது. கையெழுத்துப் போட்டார். அவர் உட்கார்ந்திருந்தார், மேடம் நின்றுகொண்டிருந்தார். அது அவருக்கு உறைக்கவே இல்லை.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. காய்ச்சலும் வந்தது. நூற்றிருபது வீடு சேர்ந்துவிட்டது என்று தெரிந்த நாளில் அண்ணனுக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, வருத்தப்படவும் தெரியவில்லை.

இந்தத் தடவை ஏற்பாடு வேறு. எது காய்ச்சல் வீடு, எது இல்லை என்கிற பட்டியல் என் பீரோவில். சாவி என் இடுப்பில். படிவத்தில் 1, 2 எதுவும் கிடையாது, வெறும் வரிசை எண்தான். அவருக்கு நான் கொடுப்பது முகவரி மட்டும், அதையும் கலைத்துப்போட்டு. ஒரு நாள் நைசாக, இன்னிக்குக் கொடுத்ததில் எத்தனை காய்ச்சல் வீடு என்று கேட்டுப் பார்த்தார். சும்மா இருங்கண்ணே என்று விரட்டிவிட்டேன்.

வீட்டு வாசலில் நின்றுகொண்டே, உங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்று என்னிடம் சொல்லாதீர்கள், தயவுசெய்து சொல்லாதீர்கள் என்று கும்பிடுவாராம். சுகாதார ஆபீஸில் இருந்து வருகிற ஆள் காய்ச்சலைப் பற்றிக் கேட்க மாட்டேன் என்கிறாரே என்று ஜனங்கள் குழம்பிப்போனார்கள். செல்லூரில் ஒரு அம்மா, என் பேரன் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்திருக்கிறான், அதைக் கேட்க உனக்கு என்ன கேடு என்று நல்லா வாங்கிவிட்டதாம். பேரன் சமாச்சாரம் காதில் விழுந்துவிட்டதால் அந்த வீட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அவரே வந்து சொல்லி, வேறு முகவரி வாங்கிக்கொண்டு போனார்.

எல்லா வீட்டிலும் பிரிட்ஜ் நகர்ந்தது. எல்லா வீட்டிலும் ஏணி ஏறினார். காபியை வேண்டாம் என்று சொல்லவில்லை, வேலை முடியட்டும் தாயி, அப்புறம் குடிக்கிறேன் என்பாராம். காய்ச்சல் வீடோ என்னவோ, எல்லா வீட்டிலும் கடைசியில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசி, கொடுத்ததைக் குடித்துவிட்டுத்தான் வந்தார். மார்கழிக்குள் இடுப்பு பிடித்துக்கொண்டு, பாண்டியம்மாள் தைலம் தேய்த்துவிட்டு அனுப்ப வேண்டியதாகிவிட்டது.

ஜனவரியில் கட்டு என் மேஜைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தேன். இருநூற்று நாற்பதும் நாலாக மடித்தது. இருநூற்று நாற்பதும் நனைந்து காய்ந்தது. துரு, சுண்ணாம்பு, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற ஒட்டடை. அதற்கு மேல் டம்ளர் வட்டம். முன்பு ஒன்றில் வட்டம் இருந்தால் இன்னொன்றில் துரு, இப்போது எல்லாவற்றிலும் இரண்டும்.

அண்ணன் என் எதிரே உட்கார்ந்திருந்தார். மேடம் வந்தார். அண்ணன் எழுந்தார், மேடம் என் மேஜை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"எங்க பாத்தாலும் புழு மேடம்," என்றார் அண்ணன். "எனக்கு என்னமோ ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் வரும்னு தோணுது. அஞ்சு மடங்குன்னு அல்வா குடுத்தேன். இப்ப ஒரு வித்தியாசமும் இல்லைன்னு வந்தா, இல்லைங்கிறதுக்கு யாரு மேடம் டாக்டர் பட்டம் குடுப்பா?"

மேடம் கட்டை என் பக்கம் தள்ளினார். இருபது படிவம் உருவு என்று என்னிடம் சொன்னார். இந்தத் தடவை மூடுவதற்கு மூலையில் ஒன்றும் இல்லை. நான் பீரோவைத் திறந்து பட்டியலை எடுத்து, அண்ணனுக்குத் தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

மேடம் முதல் படிவத்தை எடுத்தார். திருப்பினார். தடவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். காய்ச்சல் வீடு என்றார். நான் பட்டியலைப் பார்த்தேன். தப்பு என்றேன். அடுத்ததை வராத வீடு என்றார். தப்பு. அடுத்தது சரி. அதற்கடுத்து மறுபடி தப்பு.

நான் தப்பு, தப்பு என்று சொல்லச் சொல்ல மேடத்தின் முகம் மலர்ந்துகொண்டே போனது. ஒரு படிவத்தை மூக்கில் வைத்து மோந்துகூடப் பார்த்தார். அதுவும் தப்பு. இருபதில் பத்துதான் சரி. இன்னும் இருபது கொடு என்று வாங்கினார். அதில் ஒன்பது. கண்ணை மூடிக்கொண்டு நான் சொல்லியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

நான் இன்னும் கம்ப்யூட்டரைப் போடவே இல்லை. எந்தப் பக்கம் எத்தனை புழு என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது.

மேடம் கையிலிருந்த கடைசிப் படிவத்தைக் கட்டின் மேல் வைத்து, கசங்கிய மூலையை நீவிவிட்டார்.

"எது எந்த வீடுன்னு எனக்குத் தெரியல அண்ணாச்சி," என்றார். "கணக்கு எப்படி வந்தாலும் சரி, மதினிகிட்டச் சொல்லி அந்தப் போர்டை எடுத்துத் துடைச்சு வைக்கச் சொல்லுங்க."